நிலக்கரி அடுப்பின் சூடு எங்கே போகிறது?

நவம்பர் 4, கேள்வி

வீட்டில் இருப்பது இரும்புத் தகட்டில் செய்த பெட்டி அடுப்பு. முன்னால் கரி போடும் கதவு, அதற்குக் கீழே சாம்பல் கதவு, பின்னால் புகைக்குழாய். குழாய் நேராக மேலே போய்க் கூரையைத் தாண்டுகிறது. நாளுக்கு ஒன்றரை வாளி கரி தின்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் முழங்கால் வேகிறது, முதுகு விறைக்கிறது. அடுத்த அறைக்குச் சூடே எட்டவில்லை. குழாய் மட்டும் கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. குழாயின் நடுவில் ஒரு டேம்பர் தகடு வைத்துப் பாதி அடைத்துவிடலாமா? இல்லை, குழாயை அறைக்குள்ளேயே நாலு மீட்டர் சுற்ற விட்டு வெளியே எடுக்கலாமா? எது நல்லது?

நவம்பர் 4, இரவு

இரண்டும் வேண்டாம். டேம்பர் கண்டிப்பாக வேண்டாம். காரணம் பிறகு, இப்போது கரி போடும் நேரம்.

அதற்குள் மூன்று விஷயம் பார்த்து வையுங்கள். அடுப்புக்கு அரை மீட்டர் மேலே குழாய் எவ்வளவு சூடு, சாம்பல் கதவையும் அதன் காற்றுத் துளையையும் இறுக்கிச் சாத்தினால் தீ அடங்குகிறதா, ஒரு நாள் கரியின் எடை என்ன. வாளிக் கணக்கு கணக்கே அல்ல. என் வாளி உங்கள் வாளி அல்ல.

நவம்பர் 5

குழாய் 240 டிகிரி, நாளுக்கு 14 கிலோ, எல்லாவற்றையும் சாத்தினாலும் தீ அடங்குவதில்லை என்கிறீர்கள். அந்த மூன்றாவதில்தான் பதில் இருக்கிறது. நீங்கள் திறக்காத ஏதோ ஒரு வழியில் காற்று உள்ளே போகிறது.

விறகு சாம்பல் மெத்தையின் மேல் படுத்துக்கொண்டே எரியும். நிலக்கரிக்கு அது ஒத்துவராது. அதற்கு அடியிலிருந்து, சல்லடைக் கம்பிகளுக்கு நடுவே, காற்று ஏறி வர வேண்டும். கங்குக்குள் நுழைந்து வரும் அந்தக் காற்று சம்பளம் வாங்கி வேலை செய்கிற காற்று. கதவு இடுக்கு, தகட்டு விரிசல், மூடியின் ஓரம் வழியாகக் கங்குக்கு மேலே நுழைவது சும்மா வந்து குளிர்காய்ந்துவிட்டுப் போகிற காற்று. வந்த வழியில் சூட்டை வாங்கிக்கொள்ளும், புகைபோக்கி வழியாக நடையைக் கட்டும்.

ஒரு கிலோ கரி முழுதாக எரிய ஏழெட்டுக் கன மீட்டர் காற்று போதும். ஓட்டை அடுப்பு அதைப் போல நாலு மடங்கு இழுக்கும். இழுத்ததெல்லாம் உங்கள் அறையில் ஏற்கெனவே சூடான காற்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது போன இடத்துக்கு வெளியிலிருந்து பனிக்காற்று சன்னல் இடுக்கு வழியாக வரும். முதுகு விறைப்பது அதனால்தான்.

நவம்பர் 5, பிற்பகல்

எழுத விட்டது. 240 என்பது குழாயின் மேல்தோல் சூடு. ஒற்றைத் தகட்டுக் குழாயில் உள்ளே ஓடும் புகை அதைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை இருக்கும். எனவே நீங்கள் வெளியே அனுப்புவது 240 அல்ல, 360-க்கு மேல்.

நவம்பர் 8

எண் இல்லாமல் பேசினால் சண்டைதான் மிஞ்சும் என்பதால் என் அடுப்பின் பழைய எண்களைத் தருகிறேன். மூன்று குளிர்காலம் முன்பு புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர் தன் புகை அளவுமானியைக் குழாய்த் துளையில் செருகிக் காட்டினார். கரியமில வாயு 4 சதவீதம், ஆக்சிஜன் 16-க்கு மேல். புகைக்கும் அறைக்கும் வெப்ப வித்தியாசம் 220 டிகிரி.

கணக்கு சுலபம். நிலக்கரிக்கு வெப்ப வித்தியாசத்தை 0.65-ஆல் பெருக்கி, கரியமில வாயுச் சதவீதத்தால் வகுத்தால், புகையோடு போகும் வெப்பத்தின் சதவீதம் தோராயமாகக் கிடைக்கும். சீகர்ட் சூத்திரம் என்பார்கள். எனக்கு வந்தது 36. நூறு ரூபாய்க்குக் கரி வாங்கி முப்பத்தாறு ரூபாயைக் கூரைக்கு மேலே விட்டுக்கொண்டிருந்தேன்.

சூத்திரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சூட்டைக் குறைத்தாலும் நஷ்டம் குறையும், கரியமில வாயுச் சதவீதத்தைக் கூட்டினாலும் குறையும். எல்லோரும் முதலாவதன் பின்னால் ஓடுகிறோம். நீங்கள் கேட்ட நீளக் குழாயும் அதுதான். இரண்டாவதற்கு ஓட்டையை அடைத்தால் போதும். காற்று குறைந்தால் அதே கரியமில வாயு குறைவான புகைக்குள் அடர்த்தியாக நிற்கும். அதே 220 டிகிரி இருந்தாலும், 4 என்பது 9 ஆனால் நஷ்டம் 16.

நவம்பர் 12

ஓட்டை தேடும் முறை. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, தீ நன்றாக எரியும்போது, ஒரு ஊதுவத்தியைக் கதவின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக மேலே போனால் சரி. ஓரிடத்தில் சட்டென்று வளைந்து உள்ளே பாய்ந்தால் அங்கே ஓட்டை. என் அடுப்பில் பாய்ந்த இடங்கள்: கரிக்கதவின் கீல் பக்கம், மேல்தகடும் பக்கத்தகடும் சேரும் மூலை, சாம்பல் கதவின் அடிவிளிம்பு முழுவதும்.

கதவுக்கு இன்னொரு சோதனை உண்டு. அடுப்பு ஆறியிருக்கும்போது ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். பிடித்தபடி வர வேண்டும். வெண்ணெயிலிருந்து இழுத்த முடி போல வந்தால் அந்த இடத்தில் கதவுப் பள்ளத்தில் உள்ள அடைப்புக் கயிறு செத்துவிட்டது. சுற்றிலும் எட்டுப் பத்து இடத்தில் பாருங்கள்.

கதவுப் பள்ளத்துக்குக் கண்ணாடியிழைக் கயிறு, அதை ஒட்ட வெப்பம் தாங்கும் பசை, தகட்டு மூலைகளின் இடுக்கை அடைக்கத் தீக்களிம்பு. இவ்வளவுதான். கயிறு ஒட்டும்போது இழுத்து நீட்டாதீர்கள். நீட்டினால் மெலிந்துவிடும், ஒரு வாரத்தில் மறுபடி இடுக்கு வரும். முதல் தடவை நான் அப்படித்தான் செய்தேன். கயிறு நீளம் போதவில்லை என்று இழுத்து மூட்டினேன். கஞ்சத்தனம்.

எச்சரிக்கை ஒன்று. அடுப்பு மிகப் பழையது என்றால் அந்தக் கயிறு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கயிறாக இருக்கலாம். உலர்ந்தபடி சுரண்டாதீர்கள், தூசி நுரையீரலுக்குப் போகும். நன்றாக நனைத்து எடுத்து, பையில் கட்டி, அதற்குரிய இடத்தில் கொடுங்கள்.

நவம்பர் 13

“கயிறு மாற்றுவதெல்லாம் ஒரு மாற்றியமைப்பா?” என்று ஒருவர் கேட்கிறார். வெல்டிங் பொறி பறந்தால்தான் வேலை என்று நானும் நம்பியிருந்தவன். பொறுங்கள், பொறி பறக்கும் கதையும் வருகிறது. அது எதுவும் எனக்குப் பெருமையான கதை அல்ல.

நவம்பர் 19

உள்சுவரில் அடுக்கும் தீ தாங்கும் செங்கல், அதாவது தீக்கல் பற்றி. தீக்கல் அடுக்கினால் சூடு அறைக்கு வராமல் தடுக்குமே என்பது நியாயமான சந்தேகம். தடுக்கத்தான் செய்யும், தீப்படுகையின் உயரம் வரைக்கும். அங்கே தடுக்கத்தான் வேண்டும். கரிக்குள் அரைகுறையாக எரிந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு மேலே வந்து பற்றிக்கொள்ள 600 டிகிரிக்கு மேல் வேண்டும். வெறும் தகட்டுச் சுவரை ஒட்டிய கரி குளிர்ந்து கறுத்துக் கிடக்கும், வாயு எரியாமலே போய்விடும்.

அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்றால், கார்பன் முழுதாக எரிந்து கரியமில வாயு ஆனால் ஒரு மோலுக்கு (12 கிராம் கார்பனுக்கு) 394 கிலோஜூல். பாதியில் நின்று மோனாக்சைடு ஆனால் 111-தான். முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் அந்த வாயுவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கங்குக்கு மேலே நீலநிறத்தில் சின்னச் சின்ன நாக்காக ஆடும் தீயைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பங்கு உங்கள் கைக்கு வந்து சேர்வதன் அடையாளம் அது. நீலம் ஆடினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

எனவே கரி நிற்கும் உயரம் வரை தீக்கல், அதற்கு மேல் வெறும் தகடு. கீழே எரியட்டும், மேலே கொடுக்கட்டும். வெர்மிகுலைட் பலகை தீக்கல்லைவிட வெப்பத்தை நன்றாகத் தடுக்கும், ஆனால் மெத்தென்று இருக்கும். கரித்துண்டும் குத்துக்கோலும் பட்டுப் பட்டு ஒரே பருவத்தில் என்னுடையது பொரிந்துவிட்டது. விறகுக்கு அது சரி, கரிக்குக் கல்தான்.

நவம்பர் 20

மேலே “நிம்மதியாகத் தூங்கலாம்” என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நீலத்தீ ஆடினாலும் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் தூங்கக் கூடாது. வசனம் அழகாக இருக்கிறதே என்று எழுதிவிட்டேன்.

நவம்பர் 26

கேட்டவர் கயிறு மாற்றிவிட்டார். சாம்பல் கதவைச் சாத்தினால் பத்து நிமிடத்தில் தீ பணிகிறதாம். குழாய் 240-லிருந்து 190. இனிமேல் அடுப்பு அவர் பேச்சைக் கேட்கும்.

டிசம்பர் 2

சரி, தடுப்புத்தகடு.

பெட்டி அடுப்பில் புகை வாய் பின்பக்கம் மேலே இருந்தால், தீயிலிருந்து கிளம்பும் புகை குறுக்கு வழியில் நேரே அங்கே போய்விடும். முன்பக்கத் தகடும் மேல்தகடும் சும்மா நிற்கும். புகை வாய்க்குக் கீழே, பின்சுவரிலிருந்து முன்னோக்கி, கிடையாக ஒரு தகடு வைத்தால் புகை முன்னால் போய், மேலேறி, திரும்பிப் பின்னால் வர வேண்டும். ஒரு சுற்று கூடும், மேல்தகடு சூடாகும். மேல்தகடு 200 டிகிரியிலிருந்து 300 ஆனால் அதிலிருந்து வீசும் கதிர்வெப்பம் இரண்டு மடங்குக்கு மேல். கதிர்வெப்பம் கெல்வின் அளவின் (செல்சியஸோடு 273 கூட்டியதன்) நான்காம் படியில் ஏறுவதால் இந்த லாபம்.

நான் செய்தது இது. பழைய 6 மில்லிமீட்டர் தகடு ஒன்று கிடந்தது. இரண்டு கோணச்சட்டத்தைப் பக்கச்சுவரில் வெல்டு அடித்து அதன் மேல் தகட்டைப் படுக்க வைத்தேன். இறுக்கி வெல்டு அடிக்கவில்லை, அது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம். சூட்டில் தகடு நீளும், இறுக்கினால் முறுக்கிக்கொள்ளும். முன்னால் புகை ஏற விட்ட இடைவெளி 3 சென்டிமீட்டர். நெருக்கமாக வைத்தால் சூடு அதிகம் நிற்கும் என்று நினைப்பு.

முதல் நாள் சாயங்காலம் மேல்தகடு பளபளவென்று கொதித்தது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இரவு பத்து மணிக்கு வழக்கம் போலக் கரி நிரப்பி, காற்றைக் குறைத்துவிட்டுப் படுத்தேன். மூன்று மணிக்கு அலாரம் கத்தியது. எழுந்து உட்கார்ந்தபோது தலை கனத்தது. அலாரத்தின் திரையில் 110 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 110 பங்கு மோனாக்சைடு. சன்னலைத் திறந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே பனியில் கம்பளிக்குள் நின்றோம். உள்ளே புகையும் இல்லை, வாசனையும் இல்லை. திறந்த கதவு வழியாகப் பார்த்தால் அறை அவ்வளவு அமைதியாக, வெளிச்சமாக இருந்தது. எனக்கு இன்னும் மறக்கவில்லை.

டிசம்பர் 3

நேற்று எழுதும்போது கை நடுங்கியதால் கணக்கை விட்டுவிட்டேன். இடைவெளியின் பரப்பு புகைக்குழாயின் பரப்பைவிடக் குறையக் கூடாது. 15 சென்டிமீட்டர் குழாய்க்கு 177 சதுர சென்டிமீட்டர். உள் அகலம் 30 என்றால் இடைவெளி குறைந்தது 6. என்னுடையது 3, அதாவது குழாயில் பாதியை அடைத்தாயிற்று. பகலில் தீ வலுவாக இருந்தபோது புகைபோக்கி எப்படியோ இழுத்துக்கொண்டது. இரவில் தீ தணிந்ததும் இழுப்பும் தணிந்தது. நிலக்கரி அப்போதுதான் மோனாக்சைடை அதிகம் விடும்.

நீங்கள் முதலில் கேட்ட டேம்பருக்கும் இதுதான் பதில். புகை போகும் வழியை அடைக்காதே, காற்று வரும் வழியை அடை. வரும் வழியை அடைத்தால் தீ தூங்கும். போகும் வழியை அடைத்தால் நாம் தூங்கிவிடுவோம். இழுப்பு ரொம்ப அதிகமென்றால் எடை வைத்துத் தானாகத் திறக்கும் பாரோமெட்ரிக் டேம்பர் என்று ஒன்று உண்டு. அது குழாயை அடைக்காது, அறைக்காற்றைக் கொஞ்சம் குழாய்க்குள் விட்டு இழுப்பைச் சமப்படுத்தும். 10 முதல் 15 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) இழுப்பு இருந்தால் இந்த மாதிரி அடுப்புக்குப் போதும்.

அலாரம் பற்றி. ஐரோப்பியத் தரம் இஎன் 50291-படி 50 பிபிஎம் இருந்தால் 60 முதல் 90 நிமிடத்துக்குள்ளும், 100 இருந்தால் 10 முதல் 40 நிமிடத்துக்குள்ளும், 300 இருந்தால் 3 நிமிடத்துக்குள்ளும் கத்த வேண்டும். திரையில் எண் காட்டும் வகையாக வாங்குங்கள். கத்துவதற்கு முன்பே 20, 30 என்று ஏறுவது தெரியும்.

டிசம்பர் 5

இடைவெளி 6 என்றேன், அதை 8 என்று திருத்திக்கொள்ளுங்கள். தடுப்புத்தகட்டின் மேல் பறக்கும் சாம்பல் படிந்துகொண்டே வரும். என்னுடையதில் மூன்று வாரத்தில் இரண்டு விரல் உயரம். இன்று கழற்றி எடுத்தபோது சாம்பல் மாவு போல வழுக்கி என் காலணிக்குள் விழுந்தது. தகட்டைக் கழற்ற முடிகிறபடி வைப்பதற்கு இது இன்னொரு காரணம்.

டிசம்பர் 14

நவம்பர் 5-ல் எழுதியது பாதி தவறு. கங்குக்கு மேலே வரும் காற்றெல்லாம் சும்மா வருவது என்றேன். ஒருவர் சரியாகப் பிடித்தார்: “அப்படியென்றால் உங்கள் நீலத்தீ எதைக் கொண்டு எரிகிறது?”

ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரி எரிப்பவர்களுக்கு நான் சொன்னது கிட்டத்தட்டப் பொருந்தும். அதில் ஆவியாகும் பொருள் குறைவு, மேல்காற்று ஒரு சிட்டிகை போதும். ஆனால் நம்மில் பலர் எரிப்பது பிட்டுமினஸ் என்ற புகை அதிகம் விடும் நிலக்கரி. அதில் சூடு பட்டதும் வாயுவாகவும் தாராகவும் வெளியேறுவது எடையில் 20 முதல் 40 சதவீதம் வரை. புதிதாகக் கரி போட்ட பத்து நிமிடத்தில் அது அத்தனையும் கிளம்பும். மேல்காற்று இல்லையென்றால் மஞ்சள்கறுப்புப் புகையாகப் போகும். எனவே மேல்காற்று வேண்டும், ஆனால் நாம் திறந்து மூடுகிற துளை வழியாக, முடிந்தால் சூடாக்கப்பட்டு, தீக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

அதற்கு ஒரு குழாயைத் தீக்கல்லுக்குப் பின்னால் ஓட்டி, கங்குக்கு ஒரு சாண் மேலே திருப்பி, வரிசையாகச் சின்னத் துளை போடலாம் என்று கிளம்பினேன். வீட்டில் கிடந்தது தண்ணீர்க்குழாய். துத்தநாகம் பூசியது. வெல்டிங் சுடர் பட்டதும் வெள்ளைப் புகை எழும்பியது. அழகாகத்தான் இருந்தது. அன்று இரவு நாக்கில் இனிப்பு மாதிரி ஒரு உலோகச் சுவை, பல் அடிக்கும் குளிர்காய்ச்சல். துத்தநாகம் 420 டிகிரியில் உருகி 907-ல் கொதிக்கும், அந்தப் புகையைக் குடித்ததற்கான பரிசு அது. மறுநாள் போய்விட்டது. குழாயை வெளியே எறிந்துவிட்டுச் சாதா இரும்புக் குழாய் வாங்கினேன். அதுவும் இரண்டு குளிர்காலம்தான் வரும், பிறகு உரிந்து ஓட்டையாகும். எவர்சில்வர் குழாய் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

பலன்? கரி போட்டதும் வரும் புகை நன்றாகவே குறைந்தது. அறைச் சூட்டில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. காய்ச்சல் வந்த வேலை என்பதால் பெரிய வித்தியாசம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.

டிசம்பர் 15

அதே புகைக்குக் காசில்லாத வழி: மேலிருந்து மூட்டுவது. கரியை அடியில் போட்டு, அதன் மேல் காகிதமும் சுள்ளியும் வைத்து, மேலே பற்றவைத்து, தீ கீழ்நோக்கி இறங்க விடுவது. கிளம்பும் வாயு மேலே இருக்கும் நெருப்புக்குள் புகுந்துதான் போக வேண்டும் என்பதால் எரிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் ஜூலு மொழியில் இதற்குப் “பாசா ஞெங்கோ மகோகோ” என்று பெயர், பாட்டி மூட்டுவது போல மூட்டு என்று அர்த்தம். நான் வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு கண்டுபிடித்ததைப் பாட்டிகள் சுள்ளியை மாற்றி வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

எரிகிற அடுப்பில் கரி சேர்க்கும்போது இதை அப்படியே செய்ய முடியாது. கங்கை ஒரு பக்கமாக ஒதுக்கி, காலியான பக்கத்தில் புதுக்கரி போடுங்கள். ஒரு மூலையிலாவது சிவப்பு தெரிய வேண்டும். முழுவதும் மூடிவிட்டால் வாயு சேர்ந்துகொண்டே இருந்து, எங்கோ ஒரு பொறி எட்டிப் பார்த்ததும் “புப்” என்று கதவைத் தள்ளும். என் புருவம் ஒருமுறை பாதியானது.

டிசம்பர் 21

“கரியை நனைத்துப் போட்டால் அதிக நேரம் எரியும்” என்ற பேச்சு எங்கிருந்தோ வந்து நிற்கிறது. தண்ணீர் எரியாது. பத்தில் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தால் அதை ஆவியாக்கவே கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம் போகும். அப்படியும் பழைய ஆட்கள் நனைத்ததில் ஒரு நியாயம் உண்டு. பொடிக்கரி ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், சல்லடை வழியாகக் கொட்டாது. கொட்டிப்போகும் கரி ஒரு சதவீதத்தைவிட அதிகம். எனவே கட்டிக்கரியை நனைப்பது வீண், பொடியை லேசாகத் தெளிப்பது சரி. உப்புத் தண்ணீர் தெளிப்பவர்கள் அடுப்பை அரித்துக்கொள்கிறார்கள்.

டிசம்பர் 28

நீளக் குழாய்க்குப் பதில் தர மறந்தே போனேன். இரண்டாவது குளிர்காலத்தில் நானும் செய்தேன். மூன்று மீட்டர் கிடைக்குழாய், இரண்டு வளைவு. அடுத்த அறை வெதுவெதுப்பானது உண்மை. குழாய் முடியும் இடத்தில் மேல்தோல் 70 டிகிரிதான். பூரித்துப்போனேன்.

நிலக்கரியில் கந்தகம் உண்டு. புகை 120 - 150 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் கந்தக அமிலம் குழாய்ச் சுவரில் பனித்துளி போல உட்காரும். மார்ச் மாதம் வளைவைத் தட்டிப் பார்த்தேன், விரல் உள்ளே போயிற்று. அதோடு, புகைபோக்கி இழுப்பதே உள்ளே இருக்கும் புகை வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பதால்தான். குழாயிலேயே எல்லாச் சூட்டையும் பிடுங்கிவிட்டால் மேலே தூக்க ஆளில்லை. மேல்தோல் 120 - 150 என்று அடுப்பருகே காட்டினால் அதோடு திருப்திப்படுங்கள்.

அடுத்த அறைக்கு? சின்ன மின்விசிறி. அடுப்பறைக்குள் வைத்து வெளியே ஊதாதீர்கள். குளிர்ந்த அறையின் தரையில் வைத்து, அங்குள்ள குளிர்காற்றை அடுப்பறைப் பக்கம் தள்ளுங்கள். கதவின் மேல்பாதி வழியாகச் சூடான காற்று தானே திரும்பி வரும். கதவு நிலையில் ஒரு காகித நாடாவைத் தொங்கவிட்டால் கண்ணால் பார்க்கலாம்.

டிசம்பர் 30

சேர்க்க வேண்டியது: அடுப்புக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தால் கறுப்புக்கு மாறுங்கள். அலுமினியப் பெயின்ட் அடித்த தகடு மங்கல் கறுப்புத் தகட்டில் பாதி அளவுக்குக் கூடக் கதிர்வீசுமா என்பது சந்தேகம். என்னுடையது அழகுக்காக வெள்ளியாக இருந்தது. நான்கு குளிர்காலம்.

ஜனவரி 9

என் கரிக் கணக்குப் புத்தகம். மாற்றங்களுக்கு முன், டிசம்பரில், நாளுக்குச் சராசரி 13.8 கிலோ. எல்லாம் முடிந்த அடுத்த டிசம்பரில் 9.7. முப்பது சதவீதம் மிச்சம்!

ஜனவரி 10

அவசரப்பட்டுவிட்டேன். நேற்று இரவு வெளிவெப்பக் குறிப்பை எடுத்துப் பார்த்தால், முதல் டிசம்பரில் வெளியே சராசரி மைனஸ் 9, அடுத்ததில் மைனஸ் 4. வீட்டுக்குள் 19 என்று வைத்தால் முன்பு 28 டிகிரி வித்தியாசத்துக்கு 13.8 கிலோ, பிறகு 23 டிகிரிக்கு 9.7. டிகிரிக்கு 0.49 கிலோவும் 0.42 கிலோவும். ஆக மிச்சம் 14 சதவீதம். மற்ற பாதி வானம் கொடுத்தது, நான் பெயர் வாங்கிக்கொண்டேன்.

அப்படியானால் முப்பத்தாறு சதவீதப் புகை நஷ்டம் பதினாறாகக் குறைந்தது என்ற கணக்கு? அது அடுப்பு முழு வேகத்தில் எரியும்போது அளந்தது. இரவு முழுக்க அடங்கி எரிகிற நேரம் அந்தக் கணக்கில் இல்லை. சாம்பலோடு போகும் கரியும் இல்லை. தவிர, முன்பு அடுத்த அறை 12 டிகிரியில் கிடந்தது, இப்போது 17. அதுவும் லாபம்தான், ஆனால் கரித்தராசு அதைக் காட்டாது.

ஜனவரி 17

ஒரு அனுபவம், கேட்கவே வேண்டாம். சாம்பல் கதவைத் திறந்துவைத்துத் தீயைக் கிளப்பிவிட்டு, வாசலில் பனி தள்ளப் போனவன் பேச்சில் நின்றுவிட்டேன். இருபது நிமிடம். திரும்பி வந்தால் குழாயின் அடி செக்கச்செவேல். சல்லடையின் நடுக்கம்பி இரண்டு வாழைப்பழம் போல வளைந்துவிட்டன. வார்ப்பிரும்பு உருக 1150 டிகிரிக்கு மேல் வேண்டும், ஆனால் வளைய அவ்வளவு தேவையில்லை. சல்லடையைக் குளிர்விப்பது அடியிலிருந்து வரும் காற்றுதான். சாம்பல் தட்டு நிரம்பி அது சல்லடையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தக் குளிர்ச்சியும் போய்விடும். என் தட்டு அன்று நிரம்பியிருந்தது.

இப்போது சாம்பல் கதவைத் திறந்தால் கையில் குத்துக்கோலைப் பிடித்துக்கொண்டேதான் நிற்பது. கோல் கையில் இருக்கும்வரை வேறு வேலைக்குப் போக முடியாது.

பிப்ரவரி 2

கேட்டவர் எழுதுகிறார்: குழாய் 150, கரி 11 கிலோ, தடுப்புத்தகடு 8 சென்டிமீட்டர் இடைவெளியுடன், அலாரத்தில் பூஜ்யம். முதுகு இன்னும் லேசாக விறைக்கிறதாம்.

அது இனி அடுப்பின் குற்றம் அல்ல. ஊதுவத்தியை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போங்கள். ஆனால் எல்லா இடுக்கையும் அடைத்துவிடாதீர்கள், அடுப்புக்கும் மூச்சு வேண்டும். முடிந்தால் அடுப்புக்கு அருகே தரையில் வெளிக்காற்றுக்கென்று ஒரு தனித் துளை வையுங்கள், பிறகு சன்னலை அடையுங்கள்.

பிப்ரவரி 3

இன்று காலைச் சாம்பலை முதல் தடவையாகச் சலித்து எடை போட்டேன். இரண்டரைக் கிலோ சாம்பலில் எரியாத கரி 600 கிராம். சின்னக் கட்டிகள், பாதி கறுப்பு பாதி சாம்பல். மூன்று குளிர்காலமாகப் புகைபோக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். புதுச் சல்லடைக்குக் கம்பி இடைவெளி 10 மில்லிமீட்டரா 8-ஆ என்று யோசிக்கிறேன். 8 வைத்தவர்கள் யாராவது இருந்தால், கிட்டம் (உருகி இறுகிய சாம்பல் கட்டி) அடைக்கிறதா என்று சொல்லுங்கள்.